ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

அத்தியாயம் 11

அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்தான் கூட்டம் கூடும். அதுவும் ஸ்பீக்கருக்குள்ளே.

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே யாராவது நின்றால், உள்ளே ஒரு பெரிய குடும்பம் குடியிருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். இரண்டு பிள்ளைகள் தலையணைக்குச் சண்டை போடும். டி.வி. அலறும். ஒரு பாத்திரம் உருண்டு விழும். "துண்டை எங்க வெச்ச?" என்று குளியலறையிலிருந்து ஓர் ஆண்குரல் கத்தும். "உங்க தோள்லயே இருக்கும், பாருங்க!" என்று சமையலறையிலிருந்து ஒரு பெண் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருமுறை, "உங்க வீட்டுல எப்பவும் கலகலன்னு இருக்கு, கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காதுக்காரி பொதுவாகத் தலையாட்டி வைத்தாள். கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது.

காதுக்காரி என்பது அவள் எழுதுகிற பெயர். விலை மலிவான இயர்பட்ஸ் வந்தால் அதை வாங்கலாமா, தலையைச் சுற்றித் தூக்கி எறியலாமா என்று ஓர் இணையதளத்துக்கு வாரா வாரம் எழுதுகிறாள். விலை உயர்ந்த சாமான்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலிவுச் சரக்குக்கு அவள்தான் நீதிபதி. அந்தப் பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவர் கணவர். அவர் இப்போது வீட்டில் இல்லை.

கடல் தாண்டி வேலைக்குப் போனவர் இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றார். இரண்டு வருஷம் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள் என்றார். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் இவள் எடுத்துவிடுவாள். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அவரைப் போகச் சொன்னது மாமனார். அப்படித்தான் கணவர் சொன்னார். "எனக்கு மட்டும் போக ஆசையா? அப்பா பிடிச்ச பிடியா நிக்கிறார். அவர் பேச்சை நான் எப்படித் தட்டுறது?" என்று பெட்டி அடுக்கும்போது சொன்னார். அன்றிலிருந்து காதுக்காரி மாமனாரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேசையில் இருக்கும், மாத்திரை டப்பா பக்கத்தில் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. ஒரே ஒரு தடவை அடக்க முடியாமல், "உங்க பேராசைக்கு என் வாழ்க்கைதான் கிடைச்சுதா மாமா?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடியே, "கேக்குதும்மா" என்றார். பதில் அவ்வளவுதான்.

போன வாரம் அவள் துணிந்து நாத்தனாருக்குப் போன் செய்து, "அண்ணி, மாமாவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. என்னால முடியல" என்று சொன்னதுதான் கடைசியாக நடந்தது. அண்ணி வருவதாகச் சொன்ன நாள் இன்று.

*

மேசை மேல் ஐந்து டப்பாக்கள். மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

முதலில் கறுப்பு. காதில் வைத்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இடது பக்கத்தது கழன்று நாற்காலிக்கடியில் உருண்டது. 'குனிந்து தேடும் பயிற்சி இலவசம்' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்து வெள்ளை. அவளிடம் சோதனைக்கென்றே மூன்று பாட்டுகள் உண்டு. ஒன்றில் மேளம் அதிரும். ஒன்றில் நிறைய வாத்தியங்கள் ஒன்றுமேல் ஒன்று ஏறி நிற்கும். மூன்றாவதில் பக்கவாத்தியமே கிடையாது. ஒரு பெண் மட்டும் தனியாகப் பாடுவாள், அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்க வேண்டும். வெள்ளையில் மேளம் மண்டையைப் பிளந்தது. அந்தப் பெண்ணோ அடுத்த தெருவிலிருந்து பாடினாள். 'பேஸ் அடிக்கிற அடியில் பாடகி ஊரைவிட்டு ஓடிவிட்டார்.'

பச்சை சுமார். சிவப்பு பரவாயில்லை. பச்சையின் நாய்ஸ் கேன்சலேஷனைப் போட்டால் இரைச்சல் குறையவில்லை. புதிதாக ஒரு 'உஸ்' சேர்ந்துகொண்டது.

வெளியிரைச்சலை எந்தக் கருவி எவ்வளவு அடக்குகிறது என்று பார்க்க, ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி இரைச்சல் வேண்டும். இல்லாவிட்டால் போன வாரத்துக் கருவியை இந்த வாரத்தோடு எப்படி ஒப்பிடுவது? அதற்காக அவள் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியும் பிள்ளைகளும் வந்திருந்தபோது, ரெக்கார்டரைச் சமையலறை அலமாரி மேல் வைத்துவிட்டு, "எல்லாரும் எப்பவும் போலச் சத்தம் போடுங்க" என்றாள். அதற்கு அந்த வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவுக்கு 'ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்' என்று பெயர் வைத்தாள்.

அதை ஸ்பீக்கரில் பலமாக ஓடவிட்டு, இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு உட்காருவாள். எது தன் குடும்பத்தை முழுசாக அழிக்கிறதோ, அதற்கு நல்ல மார்க். அவள் பிழைப்பு அது. இதை நினைத்துப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தாள். ஆனால் அழிக்கத் தெரியாத கருவி கிடைக்கிற வாரங்களில் அவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மைக் சோதனை. தெருப் பக்கத்து ஜன்னலோரம் நின்று யாருக்காவது போன் செய்து, வண்டிச் சத்தத்துக்கு நடுவே குரல் தெளிவாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் கணவருக்குச் செய்வாள். பிறகு ஒரு தோழி. அவளுக்குக் குழந்தை பிறந்ததும் அதுவும் நின்றது. யோசித்துப் பார்த்ததில் வாரா வாரம் தவறாமல் போனை எடுக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அடுத்த அறையில்.

"இப்போ?" என்பாள்.

"கேக்குது" என்பார் மாமா.

"இப்போ?"

"கொடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு."

"இப்போ?"

"இது தேவலை."

போனில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் இதுதான். நடுவில் ஒரு சுவர் இருந்ததால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

*

மணி அடித்தது. அண்ணி புயல் மாதிரி உள்ளே வந்தாள். வங்கியில் கவுன்ட்டரில் நின்று நின்று, வீட்டிலும் அடுத்த ஆள் வரிசையில் காத்திருப்பது போலவே பேசுவாள்.

"வண்டியைக் கீழ நோ பார்க்கிங்ல விட்டிருக்கேன். சீக்கிரம். அப்பா ரெடியா?"

"ரெடியாத்தான் இருக்கார்."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். "உன்னைக் குத்தம் சொல்ல வரல. ஆனா ஒண்ணு கேக்குறேன். அப்பா அப்படி என்ன பண்ணிட்டார்? தனக்குன்னு ஒரு காப்பி சேர்த்துக் கேக்க மாட்டார், அந்த மனுஷன்."

"அண்ணி, அதைப் பத்திப் பேச வேண்டாம்."

"சரி, பேசல. நீயும் என்ன பண்ணுவ, பாவம்" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள் அண்ணி. அந்தப் பரிவுதான் காதுக்காரிக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமா அறையிலிருந்து வந்தார். ஒரு பெட்டி. கண்ணாடிக்கூடு. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார், புதிய ஆபீசில் சேரப்போகிறவர் போல. வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். நகக்கண்ணில் மை போய் எத்தனையோ வருஷமாகியும் விரலைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

அச்சகத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் இன்னொன்றும் உண்டு. அங்கே காதும் காதும் வைத்தாற்போல் ஏதாவது பேச வேண்டுமென்றால், ஓடுகிற மெஷின் பக்கத்தில் போய் நின்று பேசுவார்களாம். முதலாளி பின்னாலேயே நின்றாலும் ஒரு வார்த்தை விழாதாம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த காலத்திலேயே மகனும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அதனால் அப்பாவும் பிள்ளையும் தனியாகப் பேச வேண்டுமென்றால் இந்த வீட்டில் சமையலறை மூலையிலிருக்கும் வாஷிங் மெஷின் ஓடும். "அழுக்குத் துணியே இல்லையே, எதுக்கு மெஷின் ஓடுது? உள்ள என்ன, ரகசியம் ஊறுதா?" என்று காதுக்காரி கேலி செய்த நாட்கள் உண்டு. அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா மேசைப் பக்கம் பார்த்தார். ஸ்பீக்கரில் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் பிள்ளைகள் தலையணைச் சண்டையில் இருந்தார்கள்.

"டெஸ்ட் முடிஞ்சுதாம்மா?"

டெஸ்டைப் பற்றி அவரே கேட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நீலம் ஒண்ணு பாக்கி. மைக் டெஸ்ட்டும் பாக்கி."

"போன் ஆன்லதான் இருக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதை நிறுத்திடும்மா. தலை வலிக்குது" என்றார்.

இது வாராவாரம் நடக்கிற கூத்து. தலையணைச் சண்டை முடிந்து, பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்ததும், மாமா அறையிலிருந்து வெளியே வருவார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்குதும்மா, நிறுத்து" என்பார். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிறுத்தி, முதலிலிருந்து போடுவாள். தன் பிள்ளையின் குரலைக்கூடக் கேட்கச் சகிக்காத மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

"போற நேரத்துல என்னப்பா, அவ நிறுத்தினா என்ன, நிறுத்தாட்டி என்ன?" என்றாள் அண்ணி.

"இல்ல, நிறுத்திட்டா நல்லது" என்று அவர் அங்கேயே நின்றார்.

காதுக்காரிக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. "இனிமே ஓடினா யாருக்கும் தலை வலிக்காது, விடுங்க மாமா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாக விழுந்தது என்று தெரிந்தது. மாமா அவளைப் பார்த்தார். கோபம் இருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். அது அவர் முகத்தில் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கையில் வாங்கப் போன அண்ணியிடமும் கொடுக்கவில்லை.

லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அதோடு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவர் அறை திறந்து கிடந்தது. படுக்கை விரிப்பை நாலு மூலையும் இழுத்து மடித்து வைத்திருந்தார். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். தான் இருந்த சுவடே தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுப் போனது போலிருந்தது. அவளுக்கு நிம்மதி வரவில்லை. மாறாக, இனிமேல் 'இப்போ?' என்று யாரைக் கேட்பது என்ற நினைப்பு வந்தது.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று மேசைக்கு வந்தாள்.

*

நீலத்தை அவள் கடைசிக்கு ஒதுக்கியதே நம்பிக்கை இல்லாததால்தான். டப்பாவில் இருந்த சார்ஜே அரைகுறை. ரப்பர் முனையும் காதை முழுசாக அடைக்காமல் மேலோட்டமாக உட்கார்ந்தது. காதில் மாட்டி, நாய்ஸ் கேன்சலேஷனைப் போட்டாள்.

ஸ்பீக்கரில் பதிவு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தலையணைச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. அவள் வழக்கமாகக் கேட்கும் பகுதி தாண்டிப் போய்விட்டது. இப்போது வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்திருந்தது. துணி பிழியும் அந்தக் கடகட அதிர்வு ஸ்பீக்கரையே நடுங்க வைத்தது. இந்த இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. மெஷின் சத்தம் தவிர இங்கே வேறொன்றும் இல்லை என்று நினைத்தாள்.

நீலம் அவளை ஆச்சரியப்படுத்தியது. அந்த அதிர்வை அடியோடு வழித்து எடுத்துவிட்டது. அதோடு ஓடிய சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமும் போன இடம் தெரியவில்லை. 'பலே' என்று பென்சிலை எடுத்தாள்.

அப்போது பின்னால் யாரோ பேசினார்கள்.

திரும்பிப் பார்த்தாள். ஹாலில் யாரும் இல்லை.

மலிவுக் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. அவளே பலமுறை குறையாக எழுதியிருக்கிறாள். விடாமல் ஒரே மாதிரி ஓடுகிற அடிச்சத்தத்தை அடக்கிவிடும்; மனுஷர்கள் பேசுகிற குரல் மட்டும் தப்பித்து உள்ளே வந்துவிடும். மெஷின் போய்விட்டது. மெஷினுக்குப் பின்னால் நின்றவர்கள் மிஞ்சினார்கள்.

"...போகாதடா. இருக்கிற வேலை போதும்."

மாமாவின் குரல்.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா."

இது கணவர்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா விட மாட்டா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்கதான் போகச் சொன்னீங்கன்னு சொல்லிக்கிறேன். உங்க பேச்சை நான் தட்ட மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

"என் தலையில போடுறியா?"

"உங்க மேல கோவப்பட்டா நாலு நாள்ல ஆறிடுவா. என் மேல கோவப்பட்டா..."

அவர் முடிக்கவில்லை. மெஷின் சத்தத்தை வழித்தெடுத்த அந்த இடைவெளியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. தனியாகப் பாடுகிற பெண்ணின் மூச்சைத் தேடிப் பழகிய காது அது. அது மாமாவின் மூச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

"சரி. சொல்லிக்கோ. நான் வாங்கிக்கிறேன்" என்றார் மாமா. "அவ என்னைத் திட்டினாலும் பரவால்ல, உன்னை வெறுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்குறேன், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. ரெண்டு வருஷத்துல திரும்பி வர்ற எண்ணம் உனக்கு இருக்கா, இல்லையா?"

காதுக்காரி பென்சிலைக் கீழே போட்டாள்.

காதுக்குள் ஒரு பெண், ரொம்ப இனிமையாக, யாருக்கோ நல்ல சேதி சொல்வது போல, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னாள். டுங் என்று ஒரு மணி. அதோடு நீலம் உயிரை விட்டது.

உடனே வாஷிங் மெஷின் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. இயர்பட்ஸைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். கடகட. சிவப்பை மாட்டிப் பார்த்தாள். அது காதை இறுக்கி அடைத்து மெஷினோடு பேச்சையும் சேர்த்து அமுக்கியது. பச்சையில் 'உஸ்'. பதிவை அந்தக் கேள்வி வந்த இடத்துக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். நீலத்தை அதன் டப்பாவில் போட்டு, டப்பாவைச் சார்ஜில் செருகினாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் போட்டிருந்த கணக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது. இத்தனை நாளாக ஒரு மனுஷர் இவள் வீட்டில், இவள் கண்ணெதிரே, செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'உங்க பேராசைக்கு' என்று இவள் சொன்னபோது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேட்கிறது என்று மட்டும் சொன்னார். வாராவாரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் தலைவலியால் அல்ல. பிள்ளைக்குக் காவல் நின்றிருக்கிறார். இல்லை, இவளுக்கா?

'இனிமே ஓடினா யாருக்கும் தலை வலிக்காது.'

ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அந்த ஐயோ சுவரில் பட்டு அவளிடமே வந்தது.

பால்கனிக்கு ஓடினாள். நோ பார்க்கிங்கில் வண்டி இல்லை.

*

போனை எடுத்தாள். ஜன்னலோரம் போய் நின்றாள். கால் தானாகவே அங்கேதான் போயிற்று. கீழே பஸ்ஸும் லாரியும் வழக்கம் போல இரைந்துகொண்டிருந்தன. காதில் எதையும் மாட்டவில்லை. போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே மணியில் எடுத்தார்.

என்ன சொல்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை. பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"இப்போ?" என்றாள்.

"கேக்குது" என்றார் மாமா. "நல்லா கேக்குது. இது எது, நீலமா?"

பின்னால் அண்ணி, "யாருப்பா? அவளா? இப்பவே என்னவாம்?" என்று கேட்பது கேட்டது.

"மாமா."

"சொல்லும்மா. ஜன்னல் பக்கம் நிக்கிறியா? லாரிச் சத்தம் வருது. ஆனா உன் குரல் தெளிவா இருக்கு."

"நீலம் இல்ல மாமா. வெறும் போன்தான்."

அவள் போனை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"நிறுத்தச் சொன்னீங்க. நான் நிறுத்தல" என்றாள். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை. "மெஷின் பக்கத்துல நீங்க பேசினது கேட்டுடுச்சு மாமா."

வண்டிக்குள்ளே இன்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ சிக்னலில் நிற்கிறார்கள் போலிருக்கிறது. இவ்வளவு தெளிவாக அவள் எந்தப் போனிலும் எதையும் கேட்டதில்லை.

"ஏன் மாமா சொல்லல? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. நான் எவ்வளவு பேசிட்டேன்."

"நீ எங்க பேசின? பேசவே இல்லையே" என்றார். அதில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது. அதுதான் அவளை உடைத்தது. விம்மி விம்மி அழுதாள். அவர் 'அழாதே' என்று சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை போனை வைக்காமல் இருந்தார்.

பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எதுவரைக்கும் கேட்ட?"

"திரும்பி வர்ற எண்ணம் இருக்கா, இல்லையான்னு நீங்க கேட்டீங்க. அதுக்குள்ள சார்ஜ் போயிடுச்சு."

"அவன் சொன்ன பதில்?"

"கேக்கல."

மாமா பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் பதிலின் பாதி வந்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அவசர அவசரமாகத் தள்ளிவிட்டாள்.

"சார்ஜ்ல போட்டிருக்கேன் மாமா. கொஞ்ச நேரத்துல..."

"வேண்டாம்" என்றார். அவர் இவ்வளவு கண்டிப்பாகப் பேசி அவள் கேட்டதில்லை. "அதைக் கேக்க வேண்டியவதான் நீ. கேக்காதன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா தனியா உக்காந்து கேக்காத. நான் வர்றேன்."

பிறகு போனை வாயிலிருந்து விலக்கி, "வண்டியைத் திருப்பும்மா" என்றார்.

"என்னப்பா விளையாடுறீங்களா? இங்க யு டர்னே கிடையாது!"

"இருக்கிற இடம் வரைக்கும் போயிட்டுத் திருப்பு."

*

காதுக்காரி ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தாள். நீலத்தின் டப்பாவில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. கேட்கும் அளவுக்குச் சார்ஜ் ஏறிவிட்டது. கணினித் திரையில் பதிவு, அவள் நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது. ஒரு விரல் பட்டால் போதும்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், மிட்டாய்க் கடை வாசலில் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி. பிறகு மாமாவின் அறைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மடித்த விரிப்பை உதறிப் போட்டாள். சமையலறையில் இரண்டு பேருக்குக் காப்பிக்குப் பால் வைத்தாள். யோசித்து, அண்ணிக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

போன் அடித்தது.

மாமாதான், வழியில் நெரிசல் என்று சொல்லப்போகிறார் என்று ஓடிவந்தாள். அவர் இல்லை. திரையில் கணவரின் பெயர் ஒளிர்ந்தது. வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சொன்ன நேரம் தவறாத மனுஷர்.

முதல் மணி முழுதாக அடித்தது. இரண்டாவது மணியும் அடித்தது. அவள் கை போனுக்கு மேலே வந்து அப்படியே நின்றது. எடுத்துக் கேட்டுவிடலாம், மெஷின் இல்லை, மறைக்க ஒன்றுமில்லை, நேராகக் கேட்டால் நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 'தனியா உக்காந்து கேக்காத' என்று ஒருத்தர் சொல்லிவிட்டு, யு டர்ன் தேடி வந்துகொண்டிருக்கிறார்.

மூன்றாவது மணி. நான்காவது.

கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு மூடி, அது மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. காதுக்காரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, அங்கேயே நின்றாள்.